நாற்காலி இருக்கிறதா என்று கேளுங்கள்

(கடலூர் செம்மண்டலத்தில் இளைஞர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இணையத்தில் ஒரு கணக்கெடுப்புப் படிவத்தை நாமே எப்படித் தயாரிப்பது என்று சொல்லித்தரத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். அது அரைமணி நேர வேலைதான், சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த அரைமணி நேர வேலையை நம்பி நான் ஆறு மாதம் வீணாக்கிய கதையை முதலில் சொல்ல வேண்டும்.

ஆய்வு தொடங்கிய புதிதில், சிதம்பரம் சுற்றுவட்டார ஊர்களில் தீண்டாமை எந்த அளவில் இருக்கிறது என்று அறிய ஒரு படிவம் செய்து வாட்சப் குழுக்களில் விட்டேன். முதல் கேள்வி: 'உங்கள் ஊரில் தீண்டாமை நிலவுகிறதா?' வந்த பதில்களில் பாதிக்கு மேல் 'இல்லை'. எனக்குக் குழப்பம். ஊருக்கே போய்க் கேட்போம் என்று கிளம்பினேன். நடவு முடிந்து கரையேறிய ஒரு பாட்டியிடம் அதே கேள்வியைக் கேட்டேன்.

"அதெல்லாம் அந்தக் காலம் கண்ணு. இப்ப யாரு பாக்குறா?"

"ஊர்ப் பசங்க முடி எங்க பாட்டி வெட்டிக்கிறாங்க?"

"செதம்பரம் போயிட்டு வருவாங்க."

"ஊருலயே சலூன் இருக்கே?"

"அங்க நம்ம ஆளுங்களுக்கு வெட்டமாட்டாங்க."

முதல் பதிலுக்கும் கடைசிப் பதிலுக்கும் இடையே அரை நிமிடம்கூட இல்லை. பாட்டி பொய் சொல்லவில்லை. 'தீண்டாமை' என்பது அவருக்குப் பாடப்புத்தக முகப்பில் அச்சடித்திருக்கும் சொல். அவர் இளமையில் பட்ட அடியும் உதையும்தான் அந்தச் சொல்லுக்கு அவர் மனதில் இருக்கும் பொருள். முடி வெட்ட பஸ் ஏறிப் போவது பழக்கம், அவ்வளவுதான். தவறு என் கேள்வியில் இருந்தது. ஆய்வாளர் செய்ய வேண்டிய முடிவை மக்கள் தலையில் கட்டியிருந்தேன்.

இதை நம் மாவட்டமே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. 2020 அக்டோபரில் புவனகிரி பக்கம் தெற்குத்திட்டை ஊராட்சியின் புகைப்படம் ஒன்று வெளிவந்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலித் பெண்ணான ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. யாரும் தீண்டாமைக்கு விளக்கம் கேட்கவில்லை. நாற்காலி எங்கே என்று கேட்டாலே போதுமானதாக இருந்தது.

2022இல் தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளில் தலித் தலைவர்களின் நிலையை ஆய்வு செய்தது. உட்கார நாற்காலி இல்லாத தலைவர்களும், தேசியக்கொடி ஏற்ற முடியாத தலைவர்களும் இருப்பது அதில் வெளிவந்தது. ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு அதே ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். 'பாகுபாடு இருக்கிறது' என்று நாம் சொன்னால் 'அப்படி ஒன்றும் இல்லையே' என்று பதில் வரும். 'இன்ன ஊராட்சியில் கொடியேற்றியது யார்?' என்று கேட்டால் அந்தப் பதில் செல்லாது.

இனி படிவத்துக்கு வருவோம். கணினியில் நோட்பேடு போதும். ஹெச்டிஎம்எல்லில் 'ஃபார்ம்' என்ற குறிச்சொல்லைத் திறந்து, அதற்குள் கேள்விகளை அடுக்க வேண்டும். ஒரே ஒரு விடையைத் தேர்ந்தெடுக்க 'ரேடியோ' பொத்தான், பல விடைகளுக்கு 'செக்பாக்ஸ்'. ஒரு கேள்விக்குரிய ரேடியோ பொத்தான்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் கொடுங்கள். மறந்தால் ஒருவரே 'ஆம்', 'இல்லை' இரண்டையும் அழுத்திவிட்டுப் போவார். கோப்பைச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்து, பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதையே குறிப்பிடுங்கள். இல்லையென்றால் நம் தமிழ் சிலருடைய திரையில் புரியாத கிறுக்கலாகத் தெரியும்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பக்கம் கேள்வியைக் காட்டும், பதிலைச் சேமிக்காது. பதிலை வாங்கி வைக்க ஒரு சர்வர் வேண்டும். அது கைவசம் இல்லாதவர்கள் கூகுள் ஃபார்ம்ஸையே பயன்படுத்தலாம். சிக்னல் கிடைக்காத ஊருக்குப் போகிறவர்களுக்கு கோபோ டூல்பாக்ஸ் நல்லது. இணையம் இல்லாமலே பதிவு செய்து, பிறகு அனுப்பலாம்.

இப்போது என் பழைய கேள்வியைத் திருத்துவோம். 'கடைசியாக எங்கே முடி வெட்டிக்கொண்டீர்கள்?' விடைகள்: உள்ளூர் சலூன், வெளியூர் சலூன், வீட்டில். இது போதுமா? போதாது. ஊரில் சலூனே இல்லாவிட்டால்? அதையும் தனியாகக் கேட்காவிட்டால், கடை இல்லாத ஊரையும் தீண்டாமைக் கணக்கில் சேர்த்துவிடுவோம். உள்ளூரில் வெட்ட மறுத்தார்களா என்பது அடுத்த கேள்வி. 'சொல்ல விரும்பவில்லை' என்ற விடை எல்லாக் கேள்விக்கும் இருக்கட்டும். 'டீக்கடையிலும் கோயிலிலும் பாகுபாடு உண்டா?' என்று இரண்டை ஒன்றாகக் கட்டாதீர்கள். 'உண்டு' என்று பதில் வந்தால் எதற்கு என்று தெரியாது.

அடுத்து, யார் பதில் சொல்கிறார்கள் என்ற கேள்வி. ஈக்வாலிட்டி லேப்ஸ் என்ற அமைப்பு அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்களிடம் இணையவழியில் சாதி பற்றிக் கணக்கெடுத்து, 2018இல் அறிக்கை வெளியிட்டது. பதில் சொன்ன தலித்துகளில் மூன்றில் இரண்டு பங்கினர் வேலையிடத்தில் நியாயமற்று நடத்தப்பட்டதாகச் சொன்னார்கள். சிஸ்கோ நிறுவனத்தின் மீது 2020இல் கலிபோர்னியா அரசுத் துறை தொடுத்த வழக்கில்கூட அது சுட்டிக்காட்டப்பட்டது. அதே அறிக்கை மீது ஒரு விமர்சனமும் வந்தது: தாமாக முன்வந்தவர்களின் பதில்கள் மொத்தச் சமூகத்தின் விகிதத்தைக் காட்டாது என்று. விமர்சனம் சொல்லும் முறையியல் சரிதான். அதனால் அந்த அறிக்கை வீணாகிவிடவில்லை. யாரும் கேட்காத கேள்வியை அது கேட்டது. நமக்கான பாடம் இதுதான்: இணையப் படிவத்தை வைத்து 'இது நடக்கிறது' என்று சொல்லலாம். 'நூற்றுக்கு இத்தனை பேருக்கு நடக்கிறது' என்று சொல்ல முடியாது. அதற்கு வீடு வீடாகப் போக வேண்டும்.

என் முதல் படிவத்துக்குப் பதில் சொன்னவர்கள் யார் தெரியுமா? கையில் சொந்தப் போன் வைத்திருந்த கல்லூரிப் பையன்கள். நடவுக்குப் போன அவர்களுடைய அம்மாக்கள் ஒருவர்கூட இல்லை. ஆகவே படிவத்தை அனுப்பாதீர்கள், எடுத்துக்கொண்டு போங்கள். கேள்வியை நீங்கள் வாசியுங்கள், அவர்கள் சொல்வதை நீங்கள் அழுத்துங்கள்.

கடைசியாக, பாதுகாப்பு. இதைச் சொல்லாமல் படிவம் செய்யச் சொல்லித்தருவது குற்றம் என்றே நினைக்கிறேன். பெயர் கேட்கவில்லை, அதனால் ஆபத்தில்லை என்று நினைக்கிறோம். 'ஊராட்சியின் பெயர்', 'நீங்கள் வகிக்கும் பொறுப்பு' என்று இரண்டு கேள்வி வைத்தாலே தலைவர் யார் என்று தெரிந்துவிடும். நாற்பது வீடுள்ள தெருவில் வயது, தொழில், பாலினம் மூன்றும் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ஊருக்குப் பதில் ஒன்றியம் கேளுங்கள், வயதுக்குப் பதில் வயது வரம்பு கேளுங்கள். கூகுள் ஃபார்ம்ஸில் மின்னஞ்சல் முகவரி சேகரிக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். நீங்களே எழுதும் பக்கத்தில் 'கெட்' முறை வேண்டாம், 'போஸ்ட்' வையுங்கள். 'கெட்' முறையில் பதில்கள் முகவரிப் பட்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். போன் முதலாளியுடையதாகவோ கணவருடையதாகவோ இருந்தால், பிரவுசர் வரலாற்றைத் திறந்த உடனே எல்லாம் தெரிந்துவிடும். பதில்கள் வந்து சேரும் தாளை மொத்தக் குழுவுக்கும் திறந்துவிடாதீர்கள். இரண்டு பேர் பார்த்தால் போதும்.

சலூனில் மறுத்ததைச் சொன்ன அந்தப் பாட்டி மறுநாளும் அதே ஊரில்தான் கூலிக்குப் போக வேண்டும். நாம் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிவிடுவோம்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு வேலை தருகிறேன். ஆளுக்கு ஒரு கேள்வி எழுதுங்கள். அதில் 'தீண்டாமை', 'சாதி', 'பாகுபாடு' என்ற மூன்று சொற்களும் வரக்கூடாது. எழுதியதும் வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவிடமோ அத்தையிடமோ கேளுங்கள். அவர்கள் "எதுக்குப்பா இதக் கேக்குற?" என்று திருப்பிக் கேட்காமல் சட்டென்று பதில் சொன்னால், அந்தக் கேள்வியைப் படிவத்தில் சேர்ப்போம். திருப்பிக் கேட்டால் அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்தி எழுதுவோம்.