அடுப்படி ஆறுதல்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"எளிய வாழ்வில் காணும் இன்பம்" என்னும் பொருள்பற்றிச் சிறிது பேசுமாறு நம் செயலாளர் என்னைப் பணித்தார். பெரிய பொருள். அதனை முழுதும் அளக்கும் வயதோ அறிவோ எனக்கில்லை. ஆகவே, எனக்கு நன்கு தெரிந்த ஓரிடத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டேன். அது எங்கள் லயத்து அடுப்படி. இதனைக் கேள்வியுற்ற நண்பன் ஒருவன், "பல்கலைக்கழகத்தில் படிப்பவனுக்குப் பேச ரொட்டியும் சம்பலுந்தானா கிடைத்தன?" என்று நகைத்தான். அவனும் முன்வரிசையிலேதான் அமர்ந்திருக்கிறான். அவனும் ரொட்டி தின்று வளர்ந்தவனே.

சபையோர்களே, நம் ரொட்டியைச் சற்று எண்ணிப் பாருங்கள். கோதுமை மா, துருவிய தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணீர். இந்த நான்குந்தான். பிசைந்து, சிறிது நேரம் மூடிவைத்து, கையால் தட்டி, இரும்புத் தட்டிலே போட்டுச் சுடுகிறோம். செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காயும் அம்மியில் ஒன்றாய் அரைபட்டால் சம்பல். பக்கத்திலே ஒரு கோப்பை சாயத்தண்ணி. பனி கொட்டும் காலையிலே, விறகுப் புகை கண்ணைக் கரிக்க, அடுப்புக்கு முன் குந்தியிருந்து இதனை உண்டவனுக்கு அரண்மனை விருந்தும் இரண்டாம் பட்சமே.

ஆனால், இந்த ரொட்டி நம் முன்னோர் கொண்டுவந்த உணவன்று. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்து வந்தவர்கள் அரிசியும் கேழ்வரகும் கம்பும் உண்டு பழகியவர்கள். முதலில் அவர்கள் உழைத்தது கோப்பித் தோட்டங்களில். 1869ஆம் ஆண்டில் கோப்பிச் செடியை இலைநோய் பற்றியது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி மடிந்தது, மலையெல்லாம் தேயிலை ஆயிற்று. தோட்டத்தில் கொடுத்த அரிசிக்கு உரிய பணம் சம்பளத்திலே கழிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில், 1942ஆம் ஆண்டு பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அரிசிக்குப் பங்கீடு வந்தது. அக்காலந்தொட்டு நம் வீடுகளில் கோதுமை மாவின் ஆட்சி பெருகிற்று.

கோதுமை நம் மலையில் விளைவதில்லை. ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கும் நுவரெலியாவில் தென்னையும் காய்ப்பதில்லை. மா கப்பலில் வந்தது. தேங்காய் கீழ்நாட்டிலிருந்து வந்தது. நம் கையாற் பறித்த தேயிலையில் நல்லது கொழும்பு ஏலத்துக்குப் போயிற்று. நம் வீட்டுக்குத் தூள் வந்தது. இப்படி வந்தவற்றையும் மிஞ்சியவற்றையும் கொண்டு, அருகிலே கிடைத்த கோவாவையும் போஞ்சியையும் காட்டுக் கீரையையும் சேர்த்து, நம் பாட்டிமார் ஒரு சமையலையே உண்டாக்கிவிட்டனர். எந்தத் துரையும் அதனைக் கற்பிக்கவில்லை; எந்த நூலும் சொல்லிக் கொடுக்கவில்லை. இதனை நான் ஒரு பெரிய கலைச் செல்வமாகவே கருதுகிறேன்.

இப்பொழுது இப்படிப் பேசுகிற நான் எப்பொழுதும் இப்படி எண்ணியவனல்லன். என் பிழையொன்றை இச்சபையிலே ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆறாம் வகுப்பிலே பட்டணத்து மிஷன் பாடசாலையொன்றிற் சேர்ந்தேன். கடைக்காரர் பிள்ளைகளும் உத்தியோகத்தர் பிள்ளைகளும் என்னோடு படித்தார்கள். இடைவேளையில் அவர்கள் பெட்டியைத் திறந்தால் வெண்ணெய் தடவிய பாண் இருக்கும். சிலரிடம் முட்டையும் இருக்கும். என் பெட்டியிலே காலையிற் சுட்டு, ஆறி, தோல்போலாகிய ரொட்டி. ஒருநாள் ஒரு பையன் எட்டிப் பார்த்து, "தோட்டத்து ரொட்டியா?" என்றான். அவன் கேட்டது வெறுங் கேள்வியாகவும் இருக்கலாம். எனக்கோ அது அறைபோல விழுந்தது. அன்றுமுதல் பெட்டி மூடியை ஒரு கையாற் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையாற் கிள்ளிக் கிள்ளி உண்டேன். சில நாட்களில் உண்ணாமலே கொண்டுவந்து, வழியிலே நாய்க்குப் போட்டதும் உண்டு.

அப்பாடசாலையில் உண்பதற்கு முன் ஒரு சிறு ஜெபம் சொல்வார்கள். உணவைத் தந்த கடவுளுக்கு நன்றி கூறிய பின், அதனைச் சமைத்த கைகளையும் ஆசீர்வதிக்குமாறு வேண்டுவார்கள். நான் சைவ வீட்டுப் பிள்ளையாயினும் எல்லாரோடும் கண்ணை மூடி அதனைச் சொன்னேன். கண்ணைத் திறந்ததும் அதே கைகள் சமைத்த ரொட்டியை மறைத்தேன். என்ன பேதைமை! அந்தக் கைகள் யாருடையவை என்று ஒரு நாளாவது நான் எண்ணவில்லை.

பேராதனைக்குப் போன பிறகுதான் கண் திறந்தது. விடுதியில் முதல் மாதம். மகாவலிப் பக்கத்திலே மாலை மழை. எங்கிருந்தோ விறகுப் புகை வாசம் வந்தது. அவ்வளவுதான், படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன். மேலே ஒரு வரி ஓடவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போய்த் திரும்பும்போது, "நாலு ரொட்டி சுட்டுத் தாங்கம்மா" என்று நானே கேட்டேன். அம்மா பத்துச் சுட்டுத் தந்தார். அன்றிரவு அறையிலே பெட்டியைத் திறந்தேன், மூடியைச் சாய்க்கவில்லை. யாழ்ப்பாணத்து நண்பன் தன் வீட்டுப் புழுக்கொடியலை எடுத்தான். மட்டக்களப்பு நண்பன் தயிர்ச் சட்டியைப் பற்றிக் கதை கதையாய்ச் சொன்னான். என் பத்து ரொட்டியும் பத்து நிமிடத்திலே தீர்ந்தன. "அடுத்த முறையும் கொண்டு வா மச்சான்" என்றார்கள். ஆறு வருடம் மறைத்த பொருளுக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்து எனக்கு வெட்கமாயிருந்தது. இம்முறை வெட்கம் ரொட்டியைப் பற்றியதன்று.

ஆகவே, வீட்டுச் சமையல் மனத்துக்கு ஆறுதல் என்பதில் ஐயமில்லை. ஆனால், நான் இன்று சொல்ல வந்தது அதனோடு முடியவில்லை. அந்த ஆறுதல் உண்பவனுக்குக் கிடைக்கிறது. ஆக்குபவருக்கு?

2022ஆம் ஆண்டை நாம் யாரும் மறக்க முடியாது. அதற்கு முந்திய ஆண்டு உரத் தடையினாலே கொழுந்து குறைந்திருந்தது. பிறகு நாட்டிலே டொலர் இல்லையென்றார்கள். கோதுமை மாவின் விலை பல மடங்காயிற்று. 1,000 ரூபாய் நாட்சம்பளத்தில் மா வாங்குவதா, மண்ணெண்ணெய் வாங்குவதா என்று வீட்டுக்கு வீடு கணக்குப் பார்த்தோம். உணவுத் தட்டுப்பாடு தோட்டப் பகுதிகளிலேதான் மிகுதியென்று ஐக்கிய நாடுகளின் உணவு நிறுவனங்களும் அவ்வாண்டு கண்டறிந்தன. 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தைக் கண்ட என் பாட்டியார், "அந்தக் காலம் திரும்பி வந்துருச்சோ" என்று மாத்திரம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அந்நாட்களில் எங்கள் அம்மா இரவிலே எல்லார்க்கும் பரிமாறிவிட்டு, "எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க" என்பார். நாங்களும் நம்பினோம். ஒருநாள் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, அம்மா அடுப்படியிலே தனியே அமர்ந்து, உள்ளங்கையிற் சிறிது சீனியை வைத்துக்கொண்டு வெறுஞ் சாயத்தண்ணி குடிப்பதைக் கண்டேன். நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. மறுநாட் காலை அவர் வழக்கம்போலப் படங்கைக் கட்டிக்கொண்டு, கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனார்.

இளையான்குடி மாற நாயனாரின் வரலாற்றைக் கோயிலிலே கேட்டிருக்கிறோம். செல்வமெல்லாம் போன காலம். மழை பெய்யும் நள்ளிரவு. அடியார் ஒருவர் பசியோடு வருகிறார். வீட்டில் அரிசி இல்லை. அன்று பகல் வயலில் விதைத்த நெல்லை இருளிலே போய் அள்ளி வருகிறார் நாயனார். விறகில்லை, கூரை வரிச்சுகளை அறுத்துக் கொடுக்கிறார். நாயனாரின் அன்பை உலகம் போற்றுகிறது, போற்றவேண்டியதே. ஆனால், அந்த முளைநெல்லை வறுத்துக் குத்தி அமுதாக்கி, பறித்து வந்த கீரை ஒன்றையே பல கறிகளாக்கிய அவருடைய மனைவியாரை எத்தனை பேர் நினைக்கிறோம்? நெல்லை அள்ளிவரச் சொன்னவரும் அவ்வம்மையாரே. நம் லயங்களிலே அத்தகைய அம்மைமார் இன்றும் இருக்கிறார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளை ஆயத்தஞ் செய்து, பதினெட்டு, இருபது கிலோ கொழுந்தெடுத்து, மாலையிலே மறுபடியும் அதே அடுப்புக்கு முன் குந்துகிறார்கள். அவர்களுடைய தியாகத்தைப் புகழ்ந்துவிட்டுக் கையை நீட்டி ரொட்டி வாங்குவது நமக்கு எளிது.

சென்ற விடுமுறையில் நான் ஒரு காரியம் செய்தேன். அது பெரிய காரியமன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு முன் எழுந்து அடுப்பை மூட்டினேன். மூன்று தீக்குச்சி போயிற்று. மாவிலே தண்ணீர் கூடிவிட்டது. மேலும் மாவைப் போட்டேன். பிறகு உப்புப் போதவில்லை. புகையிலே கண் கலங்கியது. அம்மா எழுந்து வந்து, வாசலிலே நின்று, சிறிது நேரம் என்னைப் பார்த்தார். "உள்ளே வராதீங்கம்மா, இஸ்தோப்புல உக்காருங்க" என்றேன். சூடான ரொட்டியையும் சம்பலையும் சாயத்தண்ணியையும் அங்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். எதிர்மலையிலே வெயில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா கிள்ளி வாயிற் போட்டுக்கொண்டு, "ரொட்டி வட்டமாவே இல்லடா" என்றார். பிறகு சற்றுப் பொறுத்து, "ஆனா சூடா இருக்கு. நான் சூடா ரொட்டி தின்னு எத்தன நாளாச்சு" என்றார்.

சபையோர்களே, இருபத்திரண்டு வருடம் எனக்குச் சூடாகச் சுட்டுப் போட்ட கைகள் தமக்கென்று எடுத்துக்கொண்டது ஆறிப்போன கடைசி ரொட்டியையே என்று அன்றுதான் எனக்கு விளங்கிற்று. அதுவரை நான் வீட்டிலே கண்ட ஆறுதல் பாதி ஆறுதலே. அன்று அவர் உண்ண நான் பார்த்திருந்தபோதுதான் அது முழுமையாயிற்று.

ஈண்டு ஒரு சொல் தெளிவாகச் சொல்லவேண்டும். எளிய இன்பத்தைப் புகழ்வது வறுமையைப் புகழ்வதாகாது. "ரொட்டியும் சாயத்தண்ணியும் இருந்தாற் போதுமே" என்று நமக்குப் பிறர் சொன்னால் நாம் ஒப்பமாட்டோம். நியாயமான சம்பளமும், காற்றும் வெளிச்சமும் புகும் வீடும், சொந்தமாக ஒரு துண்டு நிலமும் நம் மக்களுக்கு வேண்டும். 1948இற் பறிபோன குடியுரிமை முழுதும் மீள்வதற்கு 2003ஆம் ஆண்டுவரை பொறுத்திருந்த மக்கள் நாம். எனவே, கேட்க வேண்டியவற்றைக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால், அவை வரும்வரை மகிழ்ச்சியை ஒத்திவைக்க வேண்டுவதில்லை. காமன் கூத்தின் தப்போசையும், வெள்ளிக்கிழமைக் கோயிற் சுண்டலும், மழைக்குப் பின் இஸ்தோப்பிலே கூடிப் பேசும் பேச்சும் எவரும் நமக்கு அளந்து கொடுத்தவையல்ல. அவை நம்முடையவை.

வாலிபத் தோழர்களே, உங்களிடம் மூன்று சிறு வேண்டுகோள்கள். முதலாவது, வாரத்தில் ஒரு நாளாவது நம் வீட்டு அடுப்பை நாமே மூட்டுவோம். ஆண்பிள்ளைக்கு இது இழுக்கென்று எண்ணுபவர் என்னோடு வந்து முதலில் ஒரு ரொட்டியை வட்டமாய்ச் சுட்டுக் காட்டட்டும். இரண்டாவது, நம் மலைநாட்டு மக்களின் பாடல்களைப் பெரியார் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து வைத்தார். அதுபோலப் பாட்டிமாரின் பக்குவங்களைக் கேட்டெழுதி, அடுத்த ஆண்டு மலரிலே வெளியிடுவோம். மூன்றாவது, மாரியம்மன் திருவிழா அன்னதானத்தில் இதுவரை கடைசியிலே உண்ட சமையற் பெண்களை இவ்வாண்டு முதற்பந்தியில் அமர்த்தி, நாம் பரிமாறுவோம். பெரியோர்கள் இதற்கு அனுமதி தரவேண்டும்.

இக்கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது அடுப்படியில் விளக்கெரியும். "சாப்பாடு ஆயிற்றா?" என்று கேட்டுக்கொண்டு நுழைவது நம் வழக்கம். இன்று ஒருநாள், "நீங்க சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். "பசிக்கல" என்பார்கள். நம்பாதீர்கள்.