கடனும் கல்வியும்: மருத்துவமனை நிர்வாகப் பட்டம் குறித்து ஒரு கணக்கு

(அறக்கட்டளையின் விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என நால்வகைத் தானங்களைச் சமணம் போற்றுகிறது. அவற்றுள் மருந்தும் கல்வியும் ஒருங்கே கூடுமிடம் என்று கருதி, தம் பிள்ளைகளை மருத்துவமனை நிர்வாக இளநிலைப் பட்டத்தில் சேர்க்க விழையும் பெற்றோர் உளர். விழைவு நன்று. ஆயின், கடன் வாங்கி அதனைப் படிக்கலாமா என்ற வினாவுக்கு விடை கூட்டல் கழித்தலில்தான் கிடைக்கும்.

அக்கணக்கை இராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டிலிருந்து தொடங்கலாம். பாக் நீரிணைக் கரையில், அலையாத்திக் காடும் செங்கோல் அன்னை ஆலயமும் கொண்ட மீனவச் சிற்றூர் அது. வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து நடத்தும் படகுச் சவாரியால் இப்போது வெளியூராரும் அப்பெயரை அறிவர். தமிழ்ச் சமணர் மிகுதியாக வாழும் வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளுக்கும் அவ்வூருக்கும் தொலைவு மிகுதி, தொழிலும் வேறு. ஒன்றில் மட்டும் இரண்டும் ஒக்கும். அங்கே கடல் தரும்போது வருவாய். இங்கே அறுவடை முடிந்தால் வருவாய். வங்கித் தவணையோ மாதந்தோறும் ஒரே தேதியில் வந்து நிற்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. விசைப்படகில் பங்குக்குச் செல்லும் தந்தைக்கு அவ்விரு மாதங்களும், அரசு தரும் நிவாரணம் நீங்கலாக, வருவாய் இல்லை, தவணை உண்டு.

அத்தகைய குடும்பத்தில் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் ஒருத்தியைக் கணக்குக்காக வைத்துக்கொள்ளலாம். மூன்றாண்டுப் படிப்பு, கட்டணமும் விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சம், வட்டி 10 விழுக்காடு. வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி ரூ. 4 லட்சம் வரை ஈடு கேட்கப்படுவதில்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை தொடங்காது. தவணை தொடங்காது என்பதைப் பலர் வட்டி ஏறாது என்று புரிந்துகொள்கின்றனர். இடர் அங்கேதான் பிறக்கிறது. முதலாண்டு வாங்கிய லட்சத்துக்கு நான்கு ஆண்டு வட்டி, இரண்டாவதற்கு மூன்று, மூன்றாவதற்கு இரண்டு எனத் தனிவட்டியாகவே ரூ. 90,000 சேர்ந்துவிடும். வாங்கியது மூன்று லட்சம். திருப்பத் தொடங்கும் நாளில் கடன் ரூ. 3,90,000. பத்தாண்டில் தீர்ப்பதாயின் மாதத் தவணை ரூ. 5,154, மொத்தம் செலுத்துவது ஏறத்தாழ ரூ. 6,18,000. பதினைந்தாண்டுக்கு நீட்டினால் தவணை ரூ. 4,191 ஆகக் குறையும், மொத்தமோ ரூ. 7,54,000 ஆக உயரும். சிறு தவணை என்று வங்கியில் சொல்லக் கேட்டு மகிழும்போது இம்மொத்தத்தையும் கேட்பது நலம்.

இனி வரவு. மாவட்டத் தலைநகர் ஒன்றின் தனியார் மருத்துவமனையில் தொடக்க ஊதியம் ரூ. 15,000 எனக் கொள்ளலாம். வருங்கால வைப்பு நிதிக்கு 12 விழுக்காடாக ரூ. 1,800, தொழிலாளர் காப்பீட்டுக்கு ரூ. 113 பிடித்தம் போகக் கைக்கு வருவது ரூ. 13,087. விடுதிக்கும் உணவுக்கும் ரூ. 6,000. தவணை ரூ. 5,154. எஞ்சுவது ரூ. 1,933. பேருந்துக் கட்டணம், கைப்பேசி, பொங்கலுக்கு வீட்டாருக்கு ஒரு துணி எல்லாம் அதற்குள். ஊதியம் ரூ. 20,000 எனில் நிலைமை வேறு, ரூ. 11,000 எனில் தவணை தந்தையின் தலையில் விழும். கல்விக்கடனில் பெற்றோர் இணைக் கடனாளி ஆதலால், தவணை தவறினால் இருவர் கடன் மதிப்பெண்ணும் சரியும். பின்னர் அவர் வலைக்கும் எஞ்சினுக்கும், இங்குள்ளவர் கிணற்றுக்கும் விதைக்கும் கடன் கேட்கச் செல்லும்போது அச்சரிவு முன்னே வந்து நிற்கும்.

இப்பட்டம் பெற்றோர் செய்யும் பணி யாது என்பதையும் தெளிதல் வேண்டும். 1983இல் சென்னையில் அப்பல்லோ தோன்றியபின் பெருநிறுவன மருத்துவமனைகள் பெருகின. 2009 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய உயிர்காக்கும் உயர்சிகிச்சைக் காப்பீட்டுத் திட்டமும், 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை காப்பளிக்கும் அதன் இன்றைய வடிவமும் தனியார் மருத்துவமனைகளில் புதிய மேசைகளை உருவாக்கின. சிகிச்சைக்கு முன் அனுமதி கோருதல், ஆவணம் சேர்த்தல், மறுக்கப்பட்ட தொகைக்கு மறுமுறை எழுதுதல் ஆகியவை அம்மேசைகளின் வேலை. சேர்க்கை, ரசீது, மருத்துவ ஆவணக் காப்பு, தரச்சான்றுப் பணி, பண்டகசாலை ஆகியனவும் உண்டு. இவை மதிப்புள்ள பணிகள். எனினும் 'நிர்வாகி' என்ற பெயர்ப்பலகை பெரும்பாலும் முதுநிலைப் பட்டத்துக்கோ மருத்துவருக்கோ உரியதாய் இருக்கிறது. 2022இல் திறக்கப்பெற்ற இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியைப் போன்ற நிறுவனங்களில் முதல்வர், கண்காணிப்பாளர், நிலைய மருத்துவ அலுவலர் அனைவரும் மருத்துவர்களே. ஆதலின் ஊரருகே பெரிய மருத்துவமனை வந்துவிட்டது, பட்டத்துக்கு அங்கே இருக்கை உண்டு என்ற எண்ணம் பொருந்தாது. இளநிலைக் கடனின்மேல் முதுநிலைக் கடனும் ஏறுமா என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றொருபுறம், ஏற்பு பெற்ற பல்கலைக்கழகத்தின் பட்டம் எனில் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதித் தேர்வுகளுக்கு அது மற்றெந்தப் பட்டத்துக்கும் நிகர். மாடிக் கட்டடத்தில் பெயர்ப்பலகை மாட்டிய பயிற்சி நிலையத்தின் சான்றிதழுக்கு அந்நிகர் கிடையாது. வணிக நிர்வாக இளநிலைப் பட்டம் 2024-25 முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதலுக்கு உட்பட்டதாதலின் அதனையும் சரிபார்க்கலாம்.

கல்லூரி விளம்பரத்தில் நூறு விழுக்காடு வேலை என்று இருக்கும். யார், எங்கே, எவ்வளவுக்கு என்பது இராது. அமெரிக்க அரசு 2015 முதல் ஒவ்வொரு கல்லூரியிலும் பயின்றோரின் கடனையும் பின்னர் ஈட்டிய வருவாயையும் பொதுவில் வெளியிட்டு வருகிறது. இங்கே அதற்கு ஓரளவு ஈடானது தேசியக் கல்வி நிறுவனத் தரவரிசைக்குக் கல்லூரிகள் அளிக்கும் தகவலறிக்கை. மூன்றாண்டுப் பட்டம் முடித்தோர் எத்தனை பேர், வேலை பெற்றோர் எத்தனை பேர், அவர்தம் இடைநிலை ஆண்டு ஊதியம் யாது என்பன அதில் உண்டு. இடைநிலை என்பது வேலை பெற்றோரை ஊதிய வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைக் காட்டுவது. ஒருவர் பெற்ற பெருஞ்சம்பளம் அதனை உயர்த்திவிடாது. அனைத்துப் பாடப்பிரிவினருக்கும் சேர்த்த எண் என்பது அதன் குறை. ஆயினும் அதனைப் பன்னிரண்டால் வகுத்து, மேற்சொன்ன ரூ. 5,154-ஐ அருகில் எழுதிப் பார்த்த பெற்றோர் கல்லூரி வாயிலில் கேட்கும் கேள்விகள் மாறும். அத்தரவரிசையில் பங்கேற்காத கல்லூரி எனில், சென்ற ஆண்டு முடித்தோர் இருவரையோ மூவரையோ நேரில் கண்டு உசாவுவதே வழி.

கடனின்றி இத்துறைக்குள் நுழைந்தோர் வரலாறும் மதுரையிலேயே உண்டு. 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பள்ளிப்படிப்பு முடித்த சிற்றூர்ப் பெண்களைத் தெரிந்தெடுத்து, உதவித்தொகை அளித்துப் பயிற்றுவித்து, கண் மருத்துவ உதவியாளராகவும் மருத்துவ ஆவணப் பணியாளராகவும் நோயாளர் ஆலோசகராகவும் அமர்த்தி வந்துள்ளது. முதலில் மேசை, பிறகு பட்டம் என்பதும் ஒரு வரிசைதான். பணியிலிருந்தபடியே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் பட்டம் பயில்வோர்க்கு மூன்றாண்டு ஊதியம் இழப்பில்லை. கடன் கணக்கில் எழுதப்படாத செலவு அவ்விழப்பே.

கடன்தான் வழி எனில் மலிவான கடன் எது என்று தேடலாம். 2014 ஜனவரியில் சமணர் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பெற்றனர். அதனால் தேசியச் சிறுபான்மையினர் வளர்ச்சி நிதிக் கழகத்தின் கல்விக்கடன், தமிழ்நாட்டில் சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் வழியாக, இச்சமூகத்துக்கும் உரியது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வட்டி 3 விழுக்காடு. அதற்கு மேற்பட்ட பிரிவில் ஆண்களுக்கு 8, பெண்களுக்கு 5. திருப்பும் காலம் எத்தனை ஆண்டு என்பதையும் உடன் கேட்டறிய வேண்டும். வட்டி குறைந்து காலமும் குறைந்தால் தவணை பெருத்துவிடும். ஆண்டு வருமானம் ரூ. 4.5 லட்சத்துக்கு உட்பட்டோர் தொழிற்கல்விக்குப் பெறும் வங்கிக்கடனில், படிப்புக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டமும் உண்டு. இன்ன கல்லூரியின் இன்ன படிப்பு அதில் அடங்குமா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே வங்கியில் கேட்டல் வேண்டும். சேர்ந்தபின் கேட்டுப் பயனில்லை.

அம்மானியம் கிட்டாதவருக்கு அறக்கட்டளைகள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. படிப்புக் கால வட்டியை அவ்வப்போது செலுத்திவிட்டால் கடன் மூன்று லட்சமாகவே நிற்கும். பத்தாண்டுத் தவணை ரூ. 5,154 என்பது ரூ. 3,965 ஆகும். அவ்வாறு செலுத்துவோர்க்கு ஒரு விழுக்காடு வட்டிக் குறைப்பும் மாதிரித் திட்டத்தில் உண்டு. முதலாண்டு வட்டி மாதம் ரூ. 833 மட்டுமே. அரசுப் பள்ளியில் பயின்ற பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் வரும் மாதம் ரூ. 1,000 அதற்குப் போதும். இரண்டாம் ஆண்டு மாதம் ரூ. 1,667, அதன்பின் ஈராண்டுகள் ரூ. 2,500. மொத்த வட்டி ரூ. 90,000-இல் அத்திட்டத்தின் மூன்றாண்டுத் தொகை ரூ. 36,000 கழிந்தால் எஞ்சுவது ரூ. 54,000. ஒரு மாணவிக்கு நான்காண்டில் ஓர் அறக்கட்டளை ஏற்க வேண்டியது அவ்வளவே. மேடையில் கையில் கொடுக்கும் பணமுடிப்பு வேறு செலவில் கரையக்கூடும். இத்தொகையை மாதந்தோறும் மாணவியின் கடன் கணக்கிலேயே நேராகச் செலுத்தி, ஆண்டிறுதியில் வங்கி தரும் கணக்குச் சீட்டை அறக்கட்டளைக் கோப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.