பாம்புக்கு ஒரு ஓட்டு வீடு

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பொறியியல் சம்பந்தமா ஏதாவது பேசுங்க, ஆனா சாப்பாட்டு நேரத்துக்கு முந்தின பேச்சு, யாரும் தூங்கிடக் கூடாது" என்று செயலாளர் சொன்னார். ஆகவே பாம்பைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பாம்பு என்றால் நாகர்கோவிலில் யாரும் தூங்க மாட்டார்கள். ஊருக்குப் பெயரே அதுதானே!

என் செட் நண்பன் ஒருவன் சென்னையில் இருக்கிறான். பெயர் வேண்டாம். ஒரு நாள் போனில் கூப்பிட்டு, "மக்கா, எனக்கு ஒரு கூடு செய்து தாடே. நம்ம ஊரு ஓட்டு வீடு மாதிரி இருக்கணும். முற்றம், திண்ணை, கிணறு எல்லாம் வேணும்" என்றான். கிளிக்கா, புறாவுக்கா என்று கேட்டேன். "பாம்புக்குடே" என்றான்.

நான் முதலில் கேட்டது பாம்பின் நீளத்தை அல்ல, காகிதத்தை. காரணம், நம் நாட்டுப் பாம்பு எதையும் பிடித்து வீட்டில் வளர்க்க முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை அனுமதிக்கவில்லை. சாரைப் பாம்பு சாது, தண்ணீர்ப் பாம்புக்கு விஷமில்லை என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது. வெளிநாட்டு இனங்களுக்கு வேறு விதி. 2020-இல் மத்திய அரசு, இப்படிப்பட்ட பிராணிகளை வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து தெரிவிக்க ஒரு வாய்ப்புக் கொடுத்தது. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2024-இல் பதிவு விதிகள் வந்தன. பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். நண்பனிடம் பதிவுச் சான்று இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பென்சிலைக் கையில் எடுத்தேன். தம்பிமாரே, நீங்கள் வீடியோவில் பார்த்துவிட்டு இப்படி ஒரு ஆசை வைத்திருந்தால் இந்த வரிசையை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அவனிடம் இருந்தது பால் பைத்தான். பால் என்றதும் புற்றுக்கு ஊற்றும் பால் என்று நினைத்து விடாதீர்கள், இது பந்து. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டு கொள்ளும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சின்ன மலைப்பாம்பு இனம். வளர்ந்தால் மூன்று முதல் ஐந்து அடி. விஷம் கிடையாது. பகலில் எலி வளையிலும் கறையான் புற்றிலும் பதுங்கிக் கிடக்கும். இரவில் இரை தேடும். நன்றாகப் பார்த்துக் கொண்டால் 20, 30 வருடம் இருக்கும். அந்த எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இருபது வயதில் ஒருவன் ஆசைப்பட்டு வாங்கினால், அவனுக்கு வேலை கிடைத்து, கல்யாணம் ஆகி, பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போகும்போதும் அது வீட்டில் இருக்கும்.

சரி, கூட்டுக்கு வருவோம். எந்த வடிவமைப்பிலும் முதல் கேள்வி, வாடிக்கையாளர் யார் என்பது. காசு கொடுப்பவன் நண்பன். குடியிருக்கப் போவது பாம்பு. இந்த இரண்டு பேருக்கும் நேர் எதிரான தேவை. நண்பனுக்குப் பாம்பு தெரிய வேண்டும். பாம்புக்கு யார் கண்ணிலும் படக் கூடாது.

பாம்புக்கு என்ன வேண்டும் என்பதை நான் புத்தகத்தில் படித்ததை விட வடநெம்மேலியில் தெளிவாகப் பார்த்தேன். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் ராமுலஸ் விட்டேக்கர் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறதல்லவா, அந்த வளாகத்துக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் விஷம் எடுக்கும் நிலையம் இருக்கிறது. அதே விட்டேக்கர்தான் 1972-இல் கிண்டிப் பாம்புப் பண்ணையையும் அமைத்தவர். ஒரு காலத்தில் இருளர்கள் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்தார்கள். சட்டம் வந்து, 1976-இல் தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டதும் பிழைப்பு போயிற்று. 1978-இல் சங்கம் பிறந்தது. அவர்கள் எடுக்கும் விஷத்திலிருந்துதான் நம் நாட்டுப் பாம்புக்கடி மருந்தின் பெரும்பகுதி தயாராகிறது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அங்கே பாம்பை எதில் வைக்கிறார்கள் தெரியுமா? மண்பானையில்! பானைக்குள் பாதிக்கு மணல், வாயில் ஒரு துணி, அதைச் சுற்றி ஒரு கட்டு. சில வாரம் வைத்து விஷம் எடுத்துவிட்டுக் காட்டில் கொண்டு போய் விட்டு விடுகிறார்கள். பார்க்கிறவர்களுக்கு இது பழைய காலத்து ஏற்பாடு மாதிரி இருக்கும். ஒரு இயந்திரவியல்காரன் கண்ணால் பாருங்கள். உள்ளே இருட்டு. சுற்றிலும் உடம்பு சுவரில் படுகிறது. பாம்புக்கு அதுதான் பத்திரமான உணர்வு. தடித்த மண்சுவர், வெயில் ஏறும்போது சூட்டைச் சட்டென்று உள்ளே விடாது. துணி வழியாகக் காற்று வரும், பாம்பு வெளியே வராது. கழுவி, மணலை மாற்றினால் அடுத்த பாம்புக்குத் தயார். செலவோ சொற்பம். இருட்டு, ஒடுக்கம், நிதானமான சூடு, காற்று, பூட்டு: என் கூட்டுக்கு வேண்டிய ஐந்து விதிகளும் அந்தப் பானையில் இருந்தன. சில வாரத்துக்குப் பானை போதும். 20 வருடத்துக்கு நீட்டிப் படுக்கவும், ஊர்ந்து திரியவும், சூடு தேடவும் சூடு விலகவும் இடம் வேண்டும்.

பெட்டி நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். தண்ணீருக்குத் தாங்கும் பிளைவுட். முன்பக்கம் நகரும் கண்ணாடி, அதற்குப் பூட்டு. உள்ளே நண்பன் கேட்ட நாஞ்சில் நாட்டு வீடு. அதன் இரண்டு அறைகளையே பாம்பின் இரண்டு பதுங்குமிடங்களாக ஆக்கினேன். இடது கோடியில் பத்தாயம். அது சூடான பதுங்குமிடம். வலது கோடியில் திண்ணைக்கு அடியில் குளிர்ந்த பதுங்குமிடம். சுருண்டு படுத்தால் விலா இருபக்கமும் படுகிற அளவுக்குத்தான் அறை. வாசல் ஒன்றே ஒன்று. முற்றத்துக் கிணறு என்பது கனமான ஒரு தண்ணீர்ப் பாத்திரம். ஓட்டுக்கூரை தூக்கி எடுக்கிற மாதிரி. சுத்தம் செய்ய வேண்டுமே. நம்ம வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், நெல் இருந்த பத்தாயத்துக்கு அடியில் எலியைத் தேடிப் பாம்பு வந்த கதை ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஆகவே பாம்புக்கும் இந்த வீடு அவ்வளவு அந்நியமில்லை!

இனிமேல்தான் முக்கியமான இடம். பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்காது. சூடான இடத்துக்குப் போய் ஏற்றிக் கொள்ளும், குளிர்ந்த இடத்துக்குப் போய் இறக்கிக் கொள்ளும். தின்ற எலி செரிக்கவே சூடு வேண்டும். ஆகவே ஒரு கோடி 31, 32 டிகிரி, மறு கோடி 26, 27 டிகிரி என்று பெட்டிக்குள் ஒரு சரிவு இருக்க வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்கள் இதற்கு ஹீட்டர் வைக்கச் சொல்கின்றன. அவை குளிர்நாட்டுப் புத்தகங்கள். நம் ஊரில் கணக்கு வேறு.

கணக்கைக் கேளுங்கள். இந்தப் பெட்டியின் மொத்தப் பரப்பு சுமார் 3.7 சதுர மீட்டர். அந்தப் பலகையும் கண்ணாடியும் சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு, சுமார் 3 வாட் வெப்பத்தை வெளியே விடும். ஆக, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் வைக்க ஏறக்குறைய 11 வாட். 60 வாட் பீங்கான் ஹீட்டர் ஓயாமல் எரிந்தால் சராசரியாக ஐந்தரை டிகிரி ஏறும். மார்கழி ராத்திரி, அறை 25 டிகிரி. தெர்மோஸ்டாட் கெட்டுப்போய் ஹீட்டர் எரிந்துகொண்டே இருந்தாலும் பெட்டி 31-ஐச் சுற்றித்தான் நிற்கும். ஹீட்டருக்குப் பக்கத்தில் மட்டும் அதிகமாக இருக்கும். பாம்பு விலகிப் போக இடமுண்டு. அதே கோளாறு சித்திரை மாதம் சென்னையில் மத்தியானம் நடந்தால்? அறை 36, பெட்டி 41-க்கு மேல். 35-க்கு மேல் நீடித்தாலே இந்தப் பாம்புக்கு ஆபத்து. வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் உயிர் இருக்காது.

அதனால் மூன்று காவல் வைத்தேன். முதலில் தெர்மோஸ்டாட், அதன் உணர்கம்பியை நகராமல் திருகி முடுக்கினேன். அது கழன்று வெளியே விழுந்தால், குளிர்கிறது என்று நினைத்து ஹீட்டரை எரித்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது, தொடர் இணைப்பில் தனியாக ஒரு ஈருலோகப் பட்டை சுவிட்ச். இஸ்திரிப் பெட்டிக்குள் இருப்பதே. குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் வளைந்து மின்சாரத்தை அறுத்துவிடும். முதலாவது கெட்டாலும் இரண்டாவது அதை நம்பியில்லை. மூன்றாவது, அறையே 32-க்கு மேல் போனால் ஹீட்டருக்கு மின்சாரமே கிடையாது. ஹீட்டரைச் சுற்றிக் கம்பிக்கூடு. பாம்பு சுடும் பொருளைச் சுற்றிக்கொண்டு படுத்தால் வெந்து புண்ணாகும்வரை விலகாமல் கிடந்துவிடும்.

இவ்வளவும் சூட்டைத் தடுக்கும், குளிர்விக்காது. எந்தப் பெட்டியும் தான் இருக்கும் அறையை விடத் தானாகக் குளிர்ந்துவிடாது. "கூட்டை உன் படுக்கை அறையில் வை. கோடையில் பகலிலும் ஏசி ஓட வேண்டும். கரண்ட் பில் உன் பாடு" என்று நண்பனிடம் சொல்லிவிட்டேன். சம்மதித்தான்.

அடுத்தது ஈரம். காற்று வறண்டால் சட்டை முழுசாக உரியாமல் ஒட்டிக்கொள்ளும். ஈரமும் அடைசலும் சேர்ந்தால் மூச்சுக் கோளாறு வரும். இரண்டு மழைக்காலம் பார்க்கிற நம் மாவட்டத்தில் வைத்தால் பூசணமே பெரும்பாடு. குளிர்ந்த கோடியில் தாழ்வாக ஒரு காற்றுவழி, சூடான கோடியில் உயரமாக ஒன்று. சூடான காற்று மேலே போகப் போக, புதுக்காற்று கீழே வரும். பழைய அடுக்களைப் புகைக்கூண்டின் தத்துவம்தான். தரைக்குத் தென்னை நார்த்தூள். அதற்கு நம் ஊரில் பஞ்சமா? வாசனையுள்ள பைன், தேவதாரு மரத்தூள் ஆகாது.

சுவரும் கூரையும் தெர்மாகோலில் செதுக்கி, மேலே சிமெண்டுப் பூச்சு மூன்று கை, பிறகு நீரில் கரையும் வண்ணம். முழுக்கக் காய்ந்து வாசனை போக மூன்று வாரம் திறந்தே வைத்தேன். அதன் பிறகும் பாம்பை விடவில்லை. காலிப் பெட்டியை ஒரு வாரம் ஓட்டி, இரு கோடியிலும் சூட்டை இரவு பகலாகக் குறித்தேன். ஈருலோக சுவிட்ச் உண்மையிலேயே அறுக்கிறதா என்று வேண்டுமென்றே சூடேற்றிப் பார்த்தேன். அறுத்தது. பிறகுதான் குடிபுகல். முதல் நாளே பாம்பு பத்தாயத்துக்குள் போய்விட்டது. "ஒண்ணுமே தெரியலையேடே" என்றான் நண்பன். "அப்படீன்னா வீடு சரியா அமைஞ்சிருக்கு" என்றேன். இப்போது ராத்திரி பத்து மணிக்கு மேல் திண்ணைக்கு வருகிறதாம். குடும்பமே விளக்கைக் குறைத்துவிட்டு உட்கார்ந்து பார்க்கிறார்களாம்.

பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்து எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில், வளர்த்தவர்கள் விட்டதும் தப்பியதுமான பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்கிருந்த சிறு மிருகங்களை அருகச் செய்துவிட்டன. நமக்குப் பின்னால் நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. வளர்க்க முடியாமல் போனால் "காட்டில் விட்டுவிடலாம்" என்பது இரக்கம் ஆகாது. தப்பவும் கூடாது, விடவும் கூடாது.

இதைக் கேட்டு யாராவது பாம்பு வாங்கக் கிளம்பினால் என் பேச்சு வீண். கிண்டிக்கும் வடநெம்மேலிக்கும் ஒருமுறை போய் வாருங்கள். வீட்டுக்குள் பாம்பு வந்தால் அடிக்காமல், நீங்களே பிடிக்கவும் போகாமல், வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். கூடு செய்யும் ஆசை இருக்கிறவர்கள் இந்தக் கணக்குகளை மீன்தொட்டிக்கும் குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கும் போட்டுப் பாருங்கள்.

நம் நாகராஜா கோவில் கருவறைக்கு மட்டும் இன்றும் ஓலைக்கூரைதான். ஆண்டுதோறும் புதிதாக வேய்கிறார்கள். நாகம் குடியிருக்கும் இடம் ஓலைக்குக் கீழே இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூலையில் ஒரு காவு விட்டிருப்பார்கள். நாலு மரம், புதர், புற்று, சில நாகக்கல். வெட்டமாட்டார்கள், கூட்டமாட்டார்கள். நிழல், மறைவு, ஈரம், இரை எல்லாம் அங்கே தானாக அமையும். நான் தெர்மோஸ்டாட்டும் கம்பியும் வைத்துச் செய்ததை அவர்கள் சும்மா விட்டுவைத்தே செய்தார்கள். உங்கள் வீட்டுப் பக்கம் அப்படி ஒரு காவு மிச்சம் இருந்தால், மனை போட விற்கும் முன் ஒரு தடவை யோசியுங்கள். நான் பிளைவுட்டில் செய்த பெட்டி ஒரு பாம்புக்குத்தான் ஆகும்.

 சந்தேகம் இருப்பவர்கள் இலையில் உட்கார்ந்த பிறகு கேளுங்கள். அவியல் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.