வீட்டை மறைக்கும் புதர்



தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமான்களில் வீடு வாங்கிய குடும்பங்கள் நம்மில் பல. ஊழியர் சேமநிதிப் பணத்தோடு, நகையை அடகு வைத்த பணத்தையும் சேர்த்து வாங்கியவர்கள் உண்டு. 1982ஆம் ஆண்டில் மலிவு விலை வீட்டுக்கு 25,000 வெள்ளி என்று அரசாங்கம் வரம்பு வைத்ததே, அந்தக் காலத்து வீடுகளும் அவற்றில் சேரும். இன்று பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் போய்விட, அவ்வீட்டை விற்க வேண்டிய நிலை சிலருக்கு ஏற்படுகிறது. அப்போது நாம் கவனியாது விடுவது வீட்டு வாசலைத்தான்.

வாங்க வருகிறவர் முதலில் சமையலறையையா பார்க்கிறார்? கேட்டுக்கு வெளியே நின்று வீட்டைப் பார்க்கிறார். காகிதப்பூச் செடி கூரையில் ஏறி, மாமரக் கிளை ஜன்னலை மூடி, லாலான் முழங்கால் உயரத்துக்கு நின்றால் அவருக்கு என்ன தெரியும்? 'வெளியே இப்படியென்றால் உள்ளே என்னென்ன பழுதோ' என்று நினைப்பார். பிறகு உள்ளே புதுச் சாயம் பூசியிருந்தும் பயனில்லை. கேட்கும் விலையில் சில ஆயிரத்தைக் குறைத்துவிடுவார். ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஆகும் பணமல்லவா அது?

அவர் சந்தேகப்படுவதிலும் நியாயம் உண்டு. கரையான் பால்மரத்தை என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சுவரை ஒட்டிய செடியின் மறைவில் அது மண்பாதை கட்டி ஏறினால் கண்ணுக்குத் தெரியாது. கூரைத் தண்ணீர் ஓடும் தகரத்தில் சருகு அடைத்தால் மழைநீர் சுவரில் இறங்கும். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு ஏழு முதல் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும். ஆள் குடியில்லாத வீடானாலும், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரர் தண்டம் கட்ட நேரிடலாம். தோட்டத்தில் டிரசர் லயத்தைப் பார்க்க வருகிறார் என்றாலே வாசல் பளிச்சென்று இருக்கும். தாமானில் நம்மைக் கேட்பார் இல்லை!

லாலானை மேலாக வெட்டினால் மறுபடி முளைக்கும். மண்ணுக்குள் ஓடும் வேர்த்தண்டோடு தோண்டி எடுக்க வேண்டும். ஜன்னலுக்கு முன்னுள்ள செடியை ஜன்னலின் கீழ்விளிம்புக்குக் கீழே நிற்கும்படி வெட்டலாம். மாமரத்தின் தாழ்ந்த கிளைகளை மட்டும் நீக்கினால் நிழலும் இருக்கும், வீடும் தெரியும். மின்கம்பிக்கு அருகிலுள்ள கிளையை மட்டும் நாமே பாராங்கை எடுத்துக்கொண்டு ஏறி வெட்டக்கூடாது.

அதற்காக வாசலை மொட்டையடித்துவிடவும் வேண்டாம். கறிவேப்பிலையும் துளசியும் இருக்கட்டும். வெறும் மண்ணும் பார்வைக்கு நன்றாயிராது.

பல வீடுகளில் கத்தி ஓங்கிய கையைத் தடுப்பது சோம்பலன்று. "பாட்டி வைத்த மல்லிகையாச்சே!" என்ற மனந்தான். அந்த மனத்தை நாம் குறை சொல்லமாட்டோம். லயத்திலிருந்து சட்டியில் கொண்டுவந்த கொடியாகவும் அது இருக்கும். அதன் ஒரு கிளையை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியம் போட்டால், வேர்விட்டதும் புது வீட்டுக்குக் கொண்டுபோகலாம். காகிதப்பூவுக்கு முற்றிய தண்டை வெட்டி நட்டாலே போதும். மல்லிகைப் பதியம் வேர் பிடிக்கச் சில மாதங்கள் ஆகும். ஆகவே, வீட்டை விற்பது என்று முடிவான வாரத்திலேயே பதியத்தைப் போட்டுவிட்டு, மற்றக் கிளைகளைப் பிறகு வெட்டலாம்.