நாரும் போதையும்



கஞ்சா என்னும் சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் நம்மவர் முகஞ்சுளிப்பர், அது தகுதியே. ஆயினும் அச்செடியின் ஒரு வகை நாருக்கும் விதைக்குமாகவே பயிரிடப்படுகிறது என்பதைப் பலர் அறியார். ஆங்கிலேயர் அதனை ஹெம்ப் என்பர். சாக்குச் சணலும், பசுந்தாளுரமாக நாம் விதைக்கும் சணப்பும் இதுவன்று. அவை வேறு குலத்துச் செடிகள்.

இமயமலைச் சாரலில் கட்வால், குமாவுன் பிரதேசத்தார் தலைமுறை தலைமுறையாக இதன் நாரை உரித்துக் கயிறு திரித்தனர். பங்கேலா என்னும் முரட்டுத் துணி நெய்தனர். விதையை வறுத்துத் துவையலும் அரைத்தனர். 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருட் சட்டமும், பூங்கதிரோடு சேராத விதையையும் இலையையும் கஞ்சா என்னும் விளக்கத்தினின்று விலக்கியே வைத்திருக்கிறது. அதன் 14-ஆம் பிரிவு, நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட அனுமதியளிக்கச் சர்க்காருக்கு அதிகாரம் தருகிறது. அதைக் கொண்டு 2018-இல் உத்தராகண்டம் லைசென்ஸ் வழங்க முன்வந்தது. லைசென்சின்றிப் பயிரிடுவோனுக்கோ 10 வருஷம் வரை கடுங்காவல்!

நாருக்குப் பயிரிடுவோர் நெருக்கமாக விதைப்பர். செடி அதிகம் கிளைக்காது நெடிதுயரும். போதைக்குப் பயிரிடுவோன் இடைவிட்டு நட்டு, ஆண்செடிகளைக் களைந்து, பெண்செடியின் பூங்கதிரையே பேணுவான். நார்த்தோட்டத்து மகரந்தம் படிந்தால் அவன் கதிர் விதைகொண்டு மதிப்புக் குன்றும். நார்த்தோட்டத்துள் கஞ்சாவை ஒளித்து வளர்ப்பர் என்று அஞ்சுவோர் இதனைச் சிந்தித்தாரில்லை.

ஆயினும் இலையும் ஒன்றே, வாசனையும் ஒன்றே. கண்ணாற் கண்டு தீர்க்க இயலாது. ஆதலின் டி.எச்.சி. என்னும் போதைச் சத்து 0.3 சதவிகிதத்தை மீறலாகாது என்று எல்லை வகுத்தனர். இவ்வெல்லை வந்த கதை வியப்புடையது. 1976-இல் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் கிரான்குவிஸ்ட் என்னும் தாவர சாஸ்திரிகள் இருவர் செடிகளை வகைப்படுத்தும் பொருட்டு இட்ட கோடு அது. போதையேறும் அளவைக் கண்டு இட்டதன்று. பயிர் முதிர முதிரச் சத்தும் ஏறும். எல்லை மீறிய பயிரை அழித்துவிட வேண்டும் என்பது விதி. விதைத்தவன் செய்த பிழை யாது?

சட்டம் மாறினும் சந்தேகம் உடனே மாறுவதில்லை. அமெரிக்காவில் 2018 டிசம்பரில் ஹெம்ப் பயிர் மத்திய சர்க்காரின் சட்டத்துக்கு உட்பட்டதாயிற்று. மறுமாதமே ஐடஹோ மாகாணத்துப் போலீஸார், அதை ஏற்றிச் சென்ற லாரியொன்றை மடக்கிச் சரக்கைப் பறிமுதல் செய்து, டிரைவரையும் கைது செய்தனர்.

ஆகவே, சோதித்த விதையைச் சர்க்காரே கொடுத்து, அறுப்புக்கு முன் வயலிலேயே மாதிரி எடுத்துப் பரிசோதித்து, வண்டியோடு செல்லத்தக்க சான்றுச் சீட்டும் வழங்கினாலன்றி, மலைநாட்டுச் சிறு குடியானவன் துணிந்து இப்பயிரில் இறங்கான் என்பது நம் அபிப்பிராயம்.