அனாமத்துக் கணக்கும் ஆண்டவனும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கடவுள் நம்பிக்கை அறிவுக்குப் பொருந்துமா என்னும் பெரும்பொருளைப் பற்றிப் பேசுதற்கு, பள்ளியிறுதி வகுப்போடு நின்ற ரெயில்வே குமாஸ்தாவாகிய எமக்குத் தகுதி சிறிதே. ஆயினும், இவ்வினா ஒரு நவராத்திரியின்போது எமது இல்லத்திலேயே எழுந்து, தந்தையையும் மகனையும் மூன்று நாள் பேசாதிருக்கச் செய்தது. ஆகவே இதனை இச்சபையில் வைக்கத் துணிந்தோம்.

கல்லூரியில் பௌதிகம் பயிலும் மகன் கொலுவின் முன் நின்று, "இவ்வண்டம் ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முன், மிகுந்த வெப்பமும் செறிவும் கொண்ட நிலையிலிருந்து விரியத் தொடங்கியது என்று படிக்கிறோம். இதில் கடவுளுக்கு என்ன வேலை?" என்றான். நாம் வெற்றிக் களிப்போடு, "அதற்கு முன் என்ன இருந்தது, சொல் பார்க்கலாம்! அதுதான் கடவுள்" என்றோம். அவன் அமைதியாக, "நாளைக்கு அதையும் கண்டுபிடித்துவிட்டால் கடவுள் எங்கே போவார், அப்பா?" என்றான். விடை வரவேண்டிய இடத்தில் எமக்குச் சினமே வந்தது.

மறுநாள் அலுவலகத்தில் பேரேட்டைப் புரட்டுகையில் எமது பிழை விளங்கிற்று. எந்தத் தலைப்பில் சேர்ப்பதென்று தெரியாத தொகையை அனாமத்துக் கணக்கில் வைப்பது வழக்கம். விவரம் கிடைத்ததும் உரிய தலைப்புக்கு மாற்றிவிடுவோம். அதுவரை அதற்குக் கற்பனைப் பெயர் சூட்டுபவன் நேர்மையான கணக்கன் ஆகான். நாமோ, தெரியாதவற்றையெல்லாம் ஆண்டவன் பெயரில் எழுதிவந்தோம். இடியும், அம்மையும், கிரகணமும் ஒருகாலத்தில் அவ்வாறு எழுதப்பட்டவையே. விவரம் வர வர, அவை ஒவ்வொன்றாக வேறு தலைப்புக்கு மாறின. அனாமத்தில் வைத்த கடவுளின் இருப்பு நாள்தோறும் குறையத்தானே செய்யும்?

இதனை நம்மினும் தெளிவாக உணர்ந்தவர் ஒரு பாதிரியாரே என்பது வியப்பு. பெல்ஜிய நாட்டு லெமைத்தர் 1923-இல் குருப்பட்டம் பெற்றவர், கணிதப் பேராசிரியர். 1927-இல் அண்டம் விரிகின்றது என்றும், 1931-இல் அது ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்றும் எழுதினார். 1951-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், படைப்புக்கு விஞ்ஞானமும் சான்று பகர்கின்றது என்னும் கருத்துப்பட உரையாற்றினார். லெமைத்தர் மகிழ்ந்தாரில்லை. தமது கொள்கை சமய வினாவுக்குப் புறம்பானது. பக்தரும் நாத்திகரும் ஒருங்கே ஆராய்தற்குரியது என்பதே அவர் நிலை. 1965-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் பென்சியாசும் வில்சனும், வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் மெல்லிய கதிர்வீச்சைக் கண்ட செய்தியை வெளியிட்டனர். அஃது ஆதி வெப்பத்தின் எச்சம். அச்சான்று கிட்டிய செய்தி, 1966-இல் அவர் மறையுமுன் அவர் செவிக்கு எட்டியது.

மற்றொருவர் நமக்கு அணுக்கமானவர். 1910-இல் லாகூரில், வடமேற்கு ரெயில்வேயின் தணிக்கை அதிகாரியாக விளங்கிய தமிழருக்குப் பிறந்தவர் சுப்ரமண்யன் சந்திரசேகர். நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்த ரெயில்வே குடும்பம்! விண்மீன்களின் முடிவை ஆராய்ந்து 1983-இல் நோபெல் பரிசு பெற்ற அவர், தம்மை நாத்திகர் என்றே கூறிக்கொண்டார். பாதிரியாரும் நாத்திகரும் கையாண்ட கணிதம் ஒன்றே. கணிதம் இருவரையும் ஏற்றது. எவருடைய நம்பிக்கைக்கும் அது கையொப்பம் இடவில்லை.

அப்படியாயின் நம்பிக்கை தர்க்கத்துக்கு ஒவ்வுமா? குடத்துக்குக் குயவன் வேண்டுமெனில் உலகுக்கும் ஒருவன் வேண்டும் என்பது நம் முன்னோர் வாதம். ஆனால் குயவன் குடம் வனைவதை நாம் கண்டிருக்கிறோம். அண்டம் வனையப்படுவதைக் கண்டவர் இலர். ஆதலின் அவ்வாதம் முடிந்த முடிபு ஆகாது. மறுபுறம், அண்டம் எவ்வாறு விரிந்தது என்று காட்டிய விஞ்ஞானம், ஒன்றுமில்லாமைக்குப் பதிலாக ஏதோ ஒன்று ஏன் இருக்கின்றது என்னும் வினாவைத் தீர்த்துவிடவில்லை. கடவுள் இல்லை என்பதும் அதன் பேரேட்டில் பதிவான வரி அன்று. விஞ்ஞானத்துக்கு மாற்றாகக் கூறப்படும் நம்பிக்கை தர்க்கத்தில் தோற்கும். வாழ்வுக்குப் பற்றுக்கோடாகக் கொள்ளும் நம்பிக்கையோ, தர்க்கத்தால் நிறுவப்படாததேயாயினும், அதற்குப் பகையும் அன்று. நாம் இந்த இரண்டாவது நம்பிக்கையோடு நிற்கிறோம். மகன் அதனையும் வேண்டான்.

மணிமேகலையில் சமயக்கணக்கர் பலருடைய வாதங்களைக் கேட்கும் அந்நங்கை, பூதவாதியையும் பேசவிட்டே கேட்கிறாள். தமிழர் சபைக்கு அம்மரபு இருக்க, நம் வீட்டுக் கூடத்துக்கு மட்டும் அஃது ஏன் இல்லாது போயிற்று? பெற்றோர்களே, பிள்ளைகள் வினவும்போது அதட்டாதீர்கள். இளைஞர்களே, விடை தெரியாத பெற்றோரை எள்ளாதீர்கள்.

இவ்வாண்டு நவராத்திரியில் மகனே படி கட்டினான், விளக்குகளும் பொருத்தினான். தீபாராதனையின்போது கைகூப்பாமல் ஒருபுறம் நின்றான். நாம் ஏன் என்று கேட்கவில்லை. சுண்டலை இருவரும் ஒரே தட்டில் எடுத்துக்கொண்டோம்.