இன்றிரவு 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்': திரையிடலுக்கு முன் பேசியது

"கிறிஸ்துமஸ் வாரத்தில் போட இந்தப் படம்தான் கிடைத்ததா?" என்று நேற்று லிஃப்டில் ஒருவர் கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான்.

1992-ல் டிம் பர்ட்டன் எடுத்த படம். கிறிஸ்துமஸ் நேரத்தில் தாயும் தகப்பனும் தங்கள் குழந்தையைத் தள்ளுவண்டியோடு ஓடையில் வீசுவதில் கதை ஆரம்பிக்கிறது. அந்தக் குழந்தைதான் பெங்குவின். அமெரிக்காவில் அப்போது பெற்றோர் பலர் கொதித்தார்கள். சாப்பாட்டோடு பேட்மேன் பொம்மை கொடுத்த மெக்டொனால்ட்ஸுக்கும் திட்டு விழுந்தது. 1995-ல் வந்த அடுத்த படத்தை ஜோயல் ஷூமாக்கரிடம் கொடுத்து, வண்ணமயமாக்கிவிட்டார்கள்.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது சண்டைக்காக இல்லை. செலினா வேலை முடிந்து தன் ஃபிளாட்டுக்குள் நுழைகிறாள். கணவன் இருப்பதுபோல் குரல் கொடுக்கிறாள், யாருமில்லை. ஒரு பூனையும், போனில் பதிவான குரல்களும்தான். மிஷெல் ஃபைஃபர் அதைச் சிரிப்பாகத்தான் செய்கிறார், நமக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நம் பிளாக்கிலும் இப்படிக் கதவு திறப்பவர்கள் இருக்கிறார்கள், தெரியும்தானே?

பிறகு முகமூடி விருந்து. எல்லோரும் வேஷத்தில், புரூஸும் செலினாவும் மட்டும் வெறும் முகத்தோடு வருகிறார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒருவரையொருவர் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் பக்கத்தில் பேசாதீர்கள், தயவுசெய்து.

13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் யோசித்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு மொட்டைமாடியில் கேரம் போட்டிருக்கிறோம். விளக்கை அணைக்கலாமா?